முன் சக்கரத்துச் சந்தனம்

அக்டோபர் 3, செவ்வாய்

செல்வக்கனி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். அதனால் நானும் ஒன்று வைத்துக்கொள்கிறேன். பெண்டாட்டி எழுதலாம், புருஷன் எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

அவள் நோட்டு முழுக்கச் சக்கரங்கள். எந்த லாரி, எந்தப் பக்கம், எத்தனை வருஷத்து ரிம், துரு எந்த இடத்தில், எவ்வளவு ஆழம். என்னுடையதில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. ஜனவரியில் யாரோ இனாமாகக் கொடுத்த டைரி. இத்தனை மாதமாக அதன் மேல் டீ டம்ளர்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் ஏழெட்டு வட்டம் இருக்கிறது.

நான் சிவபெருமாள். வயது நாற்பத்தெட்டு. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருபத்திரண்டு வருஷமாக டயர் கடை. போர்டில் என் பெயர்தான் இருக்கிறது, அதுவும் சிவப்பு எழுத்தில். ஆனால் உப்பு லாரிக்காரன் ஒருத்தனும் போர்டைப் படிக்கிறவன் இல்லை. “கனியக்கா கடையில் நிப்பாட்டு” என்கிறான். இன்றைக்கு மட்டும் மூன்று பேர் வந்து, நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும்போதே, “அக்கா இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டார்கள்.

அக்டோபர் 5, வியாழன்

உப்புக் கம்பெனி மேனேஜர் ஆறுமுகநயினார் கடைக்கே வந்தார். மழை தொடங்குவதற்குள் கம்பெனிக்கு ஓடும் இருபத்துநான்கு லாரிக்கும் சக்கரம் சோதிக்க வேண்டுமாம். எல்லாம் பழைய வண்டி. போன மாதம் எங்கோ ஓர் ஊரில் காற்றடிக்கும்போது ரிம் வளையம் தெறித்து ஒருவன் போய்விட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

“ஆயுத பூசைக்குள்ள முடிச்சிரணும் அண்ணாச்சி. அக்கா யார்டுக்கு வந்துருவாகல்லா?”

“நான் வாரேன்” என்றேன்.

“நீங்களும் வாங்க. நட்டு கழத்த ஆளு வேணும்லா.”

நட்டு கழற்ற ஆள். இருபத்திரண்டு வருஷம் கடை நடத்தியவன் நட்டு கழற்ற ஆள். சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் செல்வக்கனி நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள், நான் கேட்காமலேயே. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு வைக்கிற குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 7, சனி

கம்பெனி லாரிகள் நிற்கும் யார்டில் முதல் நாள்.

உப்பு ஏற்றுகிற லாரிக்கு எமன் அதன் சரக்குதான். ஈர உப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ரோடெல்லாம் சொட்டும், சக்கரத்திலும் சொட்டும். வெளியே பார்த்தால் வெள்ளி பெயிண்ட் பளபளக்கும். டயருக்குள்ளே ரிம் கரையான் தின்ற கதவாக இருக்கும். பழைய ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் உண்டு. அது உட்காருகிற பள்ளத்தில்தான் உப்புத் தண்ணீர் தங்கும். பள்ளம் அரித்துவிட்டால் ஒருநாள் காற்றின் அழுத்தம் தாங்காமல் வளையம் பறக்கும். அப்போது பக்கத்தில் நிற்பவன் கதை முடிந்தது. ஓடும்போது முன் சக்கரத்தில் நடந்தால் வண்டியே போய்விடும்.

என் வழி சுத்தியல். ரிம்மைத் தட்டினால் நல்லது கணீரென்று சொல்லும், கெட்டது செத்த சத்தம் போடும். இதற்குக் காது வேண்டும். எனக்கு இருக்கிறது.

அவள் வழி வேறு. முதலில் காற்றை முழுக்க இறக்கச் சொல்வாள். டயரைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுரண்டுவாள். நட்டு ஓட்டைகளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவி உட்கார்ந்திருப்பாள். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு கோடு வரும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ரிம்மில் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி. குறி விழுந்த ரிம் காயலான் கடைக்கு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எனக்குச் சோறு கொண்டுவந்தவள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் துரு சுரண்டத் தொடங்கினாள். கம்பி பிரஷ்ஷை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நான். இதை யாரும் கேட்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 11, புதன்

ஒன்பது லாரி முடிந்தது. நான் தட்டி “நல்லது” என்று சொன்னவற்றில் நான்கு ரிம்முக்கு அவள் குறி போட்டாள். டயர் மாட்டியிருக்கும்போது தட்டினால் இரும்பு பொய் சொல்லுமாம். “ஒங்க காது நல்ல காதுதாங்க, டயரு சத்தத்த அமுக்கிருதுல்லா” என்று எல்லார் முன்னிலையிலும் எனக்குப் பரிந்து பேசினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அக்டோபர் 12, வியாழன்

எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை. நேற்று எழுதியதைப் படித்தால் அப்படித் தோன்றலாம், அதனால் சொல்கிறேன்.

அக்டோபர் 14, சனி

எனக்குப் பொறாமைதான். ஆறுமுகநயினார் யார்டு ஆபீசில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். எனக்கு டயர்.

டிரைவர்கள் அவளைச் சுற்றி நின்று நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள். தங்கள் வண்டி பாஸ் ஆகிவிட்டால் பரீட்சை ஜெயித்த பிள்ளை மாதிரி குதிக்கிறார்கள். அவள் கையெல்லாம் துருப்பொடியும் சாக்பீஸுமாக, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தால் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நான் பேசும்போது யார் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்? கல்யாணத்தன்று தாலி கட்டும்போது நிறுத்தினார்கள். அதுவும் மேளச் சத்தத்தில் தெரியவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

வேலை. பேச ஒன்றுமில்லை. கை வலிக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

இருபத்துமூன்று முடிந்தது. பாக்கி இசக்கிப்பாண்டியின் வண்டி மட்டும். கொல்லத்துக்கு லோடு போயிருக்கிறான். சொந்த லாரி, அவனே டிரைவர். பதினேழு வருஷத்து வண்டி. இந்த வருஷம் ஆர்.டி.ஓ.விடம் எஃப்.சி. காட்டுவதற்காகச் சக்கரத்துக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வைத்திருக்கிறான். நல்ல பையன். என்னை “பெரியண்ணாச்சி” என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூசை

காலையில் யார்டைக் கழுவிவிட்டோம். ஸ்பேனர், ஜாக்கி, டயர் நெம்பும் லிவர், என் சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்துச் சாமி படத்துக்கு முன் வைத்தாயிற்று. செல்வக்கனி தன் நோட்டையும் பேனாவையும் வைத்தாள். பூசைக்கு வைத்ததை மறுநாள் மறுபூசை முடிந்துதான் தொட வேண்டும். நட்டும் திருகக் கூடாது, எழுத்தும் எழுதக் கூடாது.

அதற்கப்புறம்தான் இசக்கிப்பாண்டி வந்து சேர்ந்தான். நாளைக்கே திரும்பக் கொல்லம். விஜயதசமியில் முதல் லோடு அடித்தால் வருஷம் முழுக்கச் சக்கரம் நிற்காது என்று டிரைவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

சுத்தியல் பூசையில் இருந்ததால் கீழே கிடந்த ஒரு பழைய போல்ட்டை எடுத்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டினேன். முன்னால் இடது பக்கம் கணீரென்றது. “ஆறும் தங்கம்! கண்ண மூடிட்டுப் போலே” என்று சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் பார்த்தார்கள். நன்றாக இருந்தது.

ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அவள் மண்ணெண்ணெய்த் துணியோடு வந்துவிட்டாள். அந்த முன் சக்கரத்தில், புதுப் பெயிண்டின் மேலேயே, வளையத்தின் இடுக்கிலிருந்து தவிட்டு நிறத்தில் ஒரு கசிவு இறங்கியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நட்டு ஓட்டைப் பக்கம் பெயிண்டை நகத்தால் சுரண்டி, தடவி, துடைத்து, பொடி தூவினாள். காத்திருந்தோம். கோடு வந்தது. கட்டை விரல் நீளம்.

ஓட்டைக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டாள். ஆறுமுகநயினார் வயிறு குலுங்கச் சிரித்தார். “அண்ணாச்சி, ஒங்க காதக் கழத்தி அந்தப் பூசையில வைங்க. நாளைக்காவது வேல செய்யுதான்னு பாப்போம்.” இருபது பேர் சிரித்தார்கள். செல்வக்கனி சிரிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அவளும் அவள் அக்காவும் நாளை விடிந்ததும் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேனில் போகிறார்கள். வருஷா வருஷம் நேர்த்திக்கடன். “நோட்டுல எழுத முடியாம போச்சு. குறியப் பாத்து மறுபூச முடிஞ்சதும் அந்த ரிம்ம மாத்திருங்க. மாத்தாம வண்டி போவக் கூடாது, என்ன?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

லாரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற பொறுப்பு என்னுடையது. எல்லாச் சக்கரத்துக்கும் நடுவில் மூன்று விரல் சந்தனம். இசக்கிப்பாண்டி வண்டியின் முன் சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். நடுவில் அல்ல, சற்றுத் தள்ளி, நட்டு ஓட்டைப் பக்கம். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

காலை 7.30க்கு மறுபூசை. 9.30க்கு இசக்கிப்பாண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினான். ஆறுமுகநயினார், “அந்த ரிம்மு?” என்று கேட்டார். “எல்லாம் பாத்தாச்சு” என்றேன். ரிம்மை மாற்றிவிட்டேன் என்று அவரும் இசக்கிப்பாண்டியும் நம்பிக்கொண்டார்கள். சந்தனம் காய்ந்து சக்கரத்தில் நன்றாக ஒட்டியிருந்தது. “வாரேன் பெரியண்ணாச்சி” என்று கை காட்டிவிட்டுப் போனான்.

என் காது கணீரென்று கேட்டது. கேட்டதைக் கேட்டேன் என்றுதானே சொல்ல முடியும். அந்த வண்டி கொல்லம் போய்த் திரும்பி வந்தால் சந்தனத்தைக் கழுவி, அவள் சாக்பீஸும் தப்புச் சொல்லும் என்று எல்லாருக்கும் காட்டலாம். அவ்வளவுதான் நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு செல்வக்கனி குலசையிலிருந்து பேசினாள். பின்னால் ஒரே மேளம். “அந்தச் சக்கரத்த மாத்திட்டியளா?” என்று கத்தினாள்.

“மாத்தியாச்சு.”

“நல்லது. ஒங்கள நம்பித்தான் வந்தேன். ஒங்களுக்கும் சேத்துத்தான் கும்பிட்டுட்டு இருக்கேன்.”

போனை வைத்துவிட்டுச் சோற்றுத் தட்டை மூடி வைத்தேன். இசக்கிப்பாண்டிக்குப் போன் அடித்தேன். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான், நல்ல பழக்கம். பதினெட்டு தடவை அடித்தேன். பிறகு பைக்கை எடுத்துவிட்டேன். திருநெல்வேலி, ஆலங்குளம், தென்காசி. வழியில் எங்காவது கூட்டம் நின்றால் உயிர் போய் வந்தது. ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும். அந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் பாதித் தூரம் அவன் பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன். மீதித் தூரம், அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன்.

செங்கோட்டை தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு ஓட்டல் வாசலில் வண்டி நின்றது. சாப்பிட்டுவிட்டுக் கேபினில் படுத்திருந்தான். எழுப்பினேன். “முன் சக்கரத்தக் கழத்துலே” என்றேன். ஏன் என்று கேட்காமல் ஜாக்கி போட்டான்.

காற்றை இறக்கிச் சக்கரத்தைக் கீழே படுக்க வைத்தோம். லிவர் வேண்டியிருக்கவில்லை. வளையம் விரலோடு வந்துவிட்டது. பள்ளம் என்று ஒன்று அங்கே இல்லை. வெறும் துருச் செதில், அப்பளம் நொறுங்குகிற மாதிரி கையில் உதிர்ந்தது. விரிசல் பின்பக்கம் ஒரு சாண் ஓடியிருந்தது.

இசக்கிப்பாண்டி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் மலைப்பாதையைப் பார்த்தான். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். “எம்புள்ளையளுக்கு நீங்கதான் அண்ணாச்சி தகப்பன்.”

ஸ்டெப்னியை மாட்டி அனுப்பிவிட்டு, அந்த ரிம்மைப் பைக்கில் கட்டி எடுத்து வந்தேன்.

அக்டோபர் 25, புதன்

அவன் கொல்லத்திலிருந்து எல்லாருக்கும் போன் போட்டுவிட்டான். யார்டுக்குள் நுழைந்ததும் ஆறுமுகநயினார் ஓடி வந்து என் தோளில் துண்டு போர்த்தினார். “காதையா கேலி பண்ணுனேன்! மாத்தி மாட்டுன ரிம்மும் கெட்டதுன்னு, வண்டி போன பெறவும் மனசுக்குள்ள அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு, பாருங்கய்யா!” இவர்களாகவே ஒரு கதை கட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. எனக்கும் ஒரு நாற்காலி வந்தது.

சாயங்காலம் செல்வக்கனி திரும்பினாள். “மாத்திட்டேன்னு சொன்னியளே?” என்று மட்டும் கேட்டாள்.

“மாத்துனதாத்தான் நெனச்சேன். பெறவு சந்தேகம் வந்துட்டு.”

“அப்படியா” என்றாள்.

அக்டோபர் 26, வியாழன்

கடைக்கு வந்த ஐந்து பேர் என்னைத் தேடி வந்தார்கள். என்னை! செல்வக்கனி எல்லாரிடமும், “எங்க வீட்டுக்காரக மாதிரி யாரு பைக்குல அவ்வளவு தூரம் போவா?” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேன். கேட்டதும் எழுந்து டீ வாங்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 27, வெள்ளி

அடுத்த வருஷத்திலிருந்து யார்டுச் சோதனை முழுக்க நீங்களே பாருங்கள் என்றார் ஆறுமுகநயினார். செல்வக்கனி, “ஆமா, அவுகளே பாக்கட்டும்” என்று முந்திக்கொண்டு சொன்னாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நானாக இருந்தால் மூன்று நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவளுக்குப் பொறாமைகூட வரவில்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அக்டோபர் 28, சனி

மத்தியானம் கடைக்குப் பின்னால் கூப்பிட்டாள். அந்த ரிம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிடந்தது. காயலான் கடைக்குப் போடுமுன் எதையும் கழுவி ஒருமுறை பார்ப்பது அவள் வழக்கம். நான் அதை மறந்துபோனேன். ஒரு பக்கம் கழுவியிருந்தாள். மறுபக்கம் சந்தனம் அப்படியே இருந்தது, பாதி உரித்த தோல் மாதிரி. உரித்த பாதியில் என் கையெழுத்தை விட எனக்கு நன்றாகத் தெரிந்த அவளுடைய பெருக்கல் குறி.

“எல்லாச் சக்கரத்துக்கும் நடுவுல மூணு வெரலு சந்தனம். இதுக்கு மட்டும் ஓரத்துல உள்ளங்கைய வச்சு அப்பியிருக்கிய.”

மிச்சச் சந்தனத்தைத் தேய்த்துவிடக் குனிந்தேன், அவள் குறுக்கே கை நீட்டினாள்.

“புதங்கிழமையே பாத்துட்டேன். நாலு நாளா வாறவன் போறவன்கிட்டல்லாம் ஒங்களப் பத்திப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கூச்சப்பட்டாவது சொல்லிருவியன்னு பாத்தேன்.”

சொன்னேன். வேண்டுமென்றே வைத்தேன் என்று. அந்த இருபது பேர் சிரித்ததை, நாற்காலியை, ‘அக்கா இல்லையா’வை, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா என்று எழுதப்போவதில்லை. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில்,

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அந்த வண்டிய ஓட்டுனது நானா?”

அக்டோபர் 29, ஞாயிறு

இசக்கிப்பாண்டியின் வீடு முத்தையாபுரத்தில். செல்வக்கனியும் பைக்கில் வந்தாள், ஆனால் உள்ளே வர மாட்டேன் என்று தெருமுனை வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டாள்.

அவன் மனைவி பேச்சித்தாய் என்னைப் பார்த்ததும் காலில் விழப் பார்த்தாள். தடுத்தேன். காப்பி கொடுத்தார்கள், முறுக்குக் கொடுத்தார்கள். நாலு வயது மகள் கூச்சமே இல்லாமல் வந்து என் மடியில் உட்கார்ந்து என் கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கினாள். “இந்தப் பெரியப்பாதான் அப்பாவக் காப்பாத்துனது” என்று பேச்சித்தாய் அதற்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சொல்லிவிட்டேன். செல்வக்கனி முன்னமே குறி போட்டிருந்தாள், எல்லார் முன்னிலையிலும் போட்ட குறிதான், நான்தான் பூசைச் சந்தடியில் மறந்துபோய் வண்டியை விட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று.

“மறதி எல்லாருக்கும் உள்ளதுதான பெரியண்ணாச்சி! நெனப்பு வந்ததும் பறந்து வந்தியள்லா, அது போதும்” என்றான் இசக்கிப்பாண்டி. பேச்சித்தாய் இன்னும் இரண்டு முறுக்கு வைத்தாள். லேசான மனசோடு வெளியே வந்தேன்.

செல்வக்கனி கேட்டாள். “சொன்னியளா?”

“சொன்னேன்.”

“என்னன்னு?”

“மறந்துட்டேன்னு.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “திரும்பப் போங்க” என்றாள்.

போனேன். கதவு திறந்துதான் இருந்தது. காப்பி டம்ளரைக்கூட இன்னும் எடுத்திருக்கவில்லை. “என்ன அண்ணாச்சி, எதையும் வச்சுட்டுப் போய்ட்டியளா?” என்று பேச்சித்தாய் சிரித்தாள். குழந்தை ஓடி வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

நின்றபடியே சொன்னேன். “மறக்கல. குறியப் பாத்துட்டுத்தான் அது மேல சந்தனத்த அப்புனேன். எம்பொண்டாட்டி சொன்னது பொய்யாப் போவணும்னு. அவ மேல அவ்வளவு பொறாம. நீ அந்த வண்டியில போறன்னு தெரிஞ்சுதான் விட்டேன்.”

பேச்சித்தாய்தான் முதலில் அசைந்தாள். குனிந்து, என் வேட்டியைப் பிடித்திருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, அதைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.